யாரோடு சேரலாம்? தங்கவயல் கத்தோலிக்கர்களின் நட்புக் கணக்கு

கோலார் தங்கவயலின் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்கும் அறிவுரைக்கு நிகராகச் சேர்க்கையைப் பற்றியும் கேட்கிறார்கள். "எவன்கூடடா சுத்திட்டு வர்றே?" என்று அம்மா கேட்பதில் அது தொடங்கும். ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய மறைக்கல்வி வகுப்பு, முதல் நற்கருணைக்கு முந்தைய பாவசங்கீர்த்தனம், தவக்காலத் தியானப் பிரசங்கம் என்று அதே பேச்சு வேறு வேறு குரல்களில் தொடரும். நல்ல சிநேகிதனைப் பார்த்துச் சேர், கெட்ட சகவாசத்தை விடு, பாவத்துக்கு இழுக்கும் சந்தர்ப்பங்களை விட்டு விலகு. இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதே கண்டிப்பு உண்டுதான். கத்தோலிக்கர்களிடம் இதற்குப் பின்னால் பாடம், வகுப்பு, சங்கம் என்று ஓர் அமைப்பே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஓர் அமைப்பு சொல்லிக்கொடுத்து வருவதை ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபு வலுவானது, பங்குகளில் நாம் அதை நடத்தும் விதம் சோனியானது. ஒருவனுடைய நடத்தையைச் சோதித்துப் பார் என்கிறது மரபு. நாம் அவன் நெற்றியில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

மரபின் பலத்தை முதலில் பார்க்கலாம். புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய நூலில், 16 வயதில் செய்த ஒரு திருட்டைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம். நடுராத்திரியில் பையன்கள் கூட்டமாகப் போய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளி வந்து பன்றிகளுக்குப் போடுகிறார்கள். அவர் வீட்டிலேயே இதைவிட நல்ல காய் இருந்தது; பசியும் இல்லை. பின் ஏன் திருடினோம் என்று குடைந்து குடைந்து கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்: தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். நாலு பேர் கூப்பிடும்போது, வெட்கமில்லாதவன் போல நடிக்காமல் இருப்பதுதான் வெட்கமாகிவிடுகிறது. பள்ளி விடுதியிலோ தெருமுனையிலோ வளர்ந்த எவருக்கும் இது புரியும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் 'கெட்ட நண்பன்' என்று அவர் யாரையும் தனியே சுட்டவில்லை. மற்றப் பையன்களின் அம்மாக்களைக் கேட்டிருந்தால் அகுஸ்தினாரைத்தான் கெட்ட நண்பன் என்றிருப்பார்கள்.

அவிலா தெரேசாளின் சாட்சியம் நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இளம் வயதில் தன்னைத் திசைதிருப்பிய சேர்க்கை தெருவிலிருந்து வரவில்லை, உறவின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது என்று அவர் தன்வரலாற்றில் எழுதுகிறார். அப்பா கண்டிப்பானவர், வெளியாரை உள்ளே விடாதவர். சொந்தக்காரர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. நம் வீடுகளிலும் வாசலில் நிற்கும் அந்நியப் பையனிடம் பத்துக் கேள்வி கேட்கப்படும். மாமன் மகன் என்றால் ஒரு கேள்வியும் கிடையாது.

இந்த மரபின் வேர் சீராக்கின் ஞான நூலில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதியது அது. கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, பிராட்டஸ்டண்டு விவிலியத்தில் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பிள்ளை நீதிமொழிகளைப் படித்து வளர, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கூடவே சீராக்கும் கிடைக்கிறது. அதன் 6ஆம் அதிகாரம் நட்பைப் பற்றி நிதானமாகப் பேசுகிறது. சோதித்துப் பார்க்காமல் எவனையும் நண்பனாக்காதே, அவசரப்பட்டு நம்பாதே என்கிறது. தன் வசதிக்காக ஒட்டிக்கொள்பவன், பந்தியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் துன்பம் வந்ததும் காணாமல் போகிறவன், பகை வந்ததும் உன் சண்டையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவன் என்று ஆள் ஆளாகப் பிரித்துக் காட்டுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் திருக்குறள் நினைவுக்கு வராமல் இருக்காது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று வரிசையாக ஐந்து அதிகாரங்களை வள்ளுவர் இதற்கே ஒதுக்கினார். ஆராயாமல் கொண்ட நட்பு கடைசியில் சாவுக்கே காரணமாகும் துயரத்தைத் தரும் என்ற எச்சரிக்கை அவரிடமும் இருக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் என்ற இயேசு சபைத் துறவி இந்த ஐந்து அதிகாரங்களையும் கடந்துதான் போயிருக்க வேண்டும். சீராக்கைப் படித்து வளர்ந்த அந்த இத்தாலியருக்கு இவை அந்நியமாகப் பட்டிருக்காது. அவருடைய தேம்பாவணியின் நாயகர் புனித சூசையப்பர். தங்கவயலில் அவர் பெயரால் சூசைபாளையம் என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது.

சீராக் விதைத்ததை 12ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தவர் இங்கிலாந்தின் ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட். நட்புக்கு அவர் நான்கு படிகள் வைத்தார்: தேர்ந்தெடுத்தல், சோதித்தல், ஏற்றுக்கொள்ளல், அதன் பிறகு மன ஒற்றுமை. இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் மூன்றாவதாகக் கிறிஸ்து நடுவில் இருக்க வேண்டும் என்பது அவருடைய பார்வை. நட்பை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளாமல், கடவுளை நோக்கிப் போகும் பாதை என்று மதித்ததுதான் கத்தோலிக்கத்தின் தனிச் சாதனை. தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். இறையன்பு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு, அது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையேயான நட்பு என்றே பதில் எழுதினார். இவ்வளவு உயரத்தில் நட்பை வைத்த ஒரு சமயம், அதை யாரோடு வைத்துக்கொள்வது என்று கேட்பது நியாயம்தான்.

இனி இந்தப் போதனை வந்து இறங்கிய மண்ணைப் பார்க்க வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் மண்ணைத் தோண்டத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை 120 ஆண்டுகள். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், சுரங்கத்தைச் சுற்றி 'லைன்' வீடுகளில் குடியேறினார்கள். ஒரு லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். இந்தச் சுவருக்கு அப்பால் கத்தோலிக்கர்; அந்தச் சுவருக்கு அப்பால் அயோத்திதாசரின் வழியில் பௌத்தரானவர்; எதிர்வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்; கோடியில் செங்கொடிக்காரர். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பௌத்த சங்கங்கள் இயங்கின. அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் இந்தத் தங்கவயலில்தான் இருந்தது. இப்படிப்பட்ட லைனில் 'நம்மவனாகப் பார்த்துச் சேர்' என்ற அறிவுரை குழாயடி வரைக்கும்கூடத் தாங்காது.

சுரங்கத்துக்குள்ளே அது முற்றிலும் செல்லாது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் கேஜில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குவார்கள். பக்கத்தில் நிற்பவனை இவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேஸ்திரி தேர்ந்தெடுத்தார். ஆனால் பாறை வெடித்தால் கல்லைப் புரட்டி இவனைத் தூக்க வேண்டியவன் அவன்தான். அவன் திருப்பலிக்குப் போகிறவனா, நேற்று ராத்திரி சாராயம் குடித்தானா என்பதெல்லாம் அங்கே இரண்டாவது கேள்விதான். முட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக முட்டுக்கொடுக்கிறானா, ஆபத்து வந்தால் விட்டுவிட்டு ஓடுவானா என்பதே முதல் கேள்வி. சீராக் சொன்ன சோதனையும் இதேதான். பந்தி நண்பனையும் துன்ப நாள் நண்பனையும் பிரித்தறியும் பாடத்தைத் தங்கவயல்காரர்கள் வகுப்பறையில் படிக்கவில்லை.

1930 ஏப்ரலில் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய முயன்றபோது, முறையான சங்கம் என்று ஒன்று இல்லாமலேயே ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரத்துக்கு வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல எங்களிடம் ரேகை எடுப்பதா என்ற கோபம் மதம் பார்க்காமல் எல்லாரையும் சேர்த்தது. நிர்வாகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. அவ்வளவு பேர் ஒருவரையொருவர் நம்பியதற்கு அடித்தளம் லைனிலும் கேஜிலும் விழுந்தது. அதைக் கத்தோலிக்கர் கட்டினார்கள் என்றோ, கத்தோலிக்கரை விட்டுவிட்டுக் கட்டினார்கள் என்றோ யாரும் சொல்ல முடியாது.

ஆக, இந்த மண்ணின் அனுபவம் சீராக்கோடு ஒத்துப்போகிறது. பங்கு வகுப்பின் கரும்பலகையோடுதான் ஒத்துப்போவதில்லை.

அந்தக் கரும்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கவயல் பக்கத்துப் பங்கு ஒன்றில் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் கோடு போட்டுப் பலகையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடப்பக்கம் நல்ல நண்பன்: கோவிலுக்குத் தவறாமல் வருவான், நன்றாகப் படிப்பான், பெரியவர்கள் சொல் கேட்பான், ஜெபமாலை சொல்வான். வலப்பக்கம் கெட்ட நண்பன்: கோவிலுக்கு வரமாட்டான், குடிப்பான், சிகரெட் பிடிப்பான், சினிமா, மொபைல், ஊர்சுற்றல். பிள்ளைகள் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சுரங்கம் மூடிய பிறகு வேலையும் மானமும் போய்க் குடியில் விழுந்த ஆண்கள் எத்தனையோ பேர் உள்ள ஊர் இது. 'குடிப்பான்' என்ற சொல்லை எழுதும்போது ஒரு பையன் பேனாவை நிறுத்திப் பக்கத்துப் பையனை ஓரக்கண்ணால் பார்த்தான். மற்றவன் பார்க்காததுபோல எழுதிக்கொண்டே போனான். யார் வீட்டு அப்பா அந்த வலப்பக்கத்தில் இருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பலகையைச் சீராக்கின் 22ஆம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்பனோடு வாய்த்தகராறு வந்தாலும், கத்தியையே உருவிவிட்டாலும்கூட நம்பிக்கை இழக்காதே, திரும்பிச் சேர வழி உண்டு என்கிறார் அவர். நட்பை முறித்துப் போடக்கூடியவை என்று அவர் எண்ணுவது நாலே நாலு: வசைபாடுதல், அகந்தை, இரகசியத்தை வெளியே விடுதல், முதுகில் குத்துதல். சினிமாவோ சிகரெட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. கோவிலுக்கு வராததும் இல்லை. நான்குமே ஒருவன் இன்னொருவனை நடத்தும் விதத்தைப் பற்றியவை. நம் பலகையிலோ ஒருவன் தன்னை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதுதான் இருக்கிறது. நண்பனை எப்படி நடத்துகிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஜெபமாலை தவறாமல் சொல்லிக்கொண்டே நண்பனின் இரகசியத்தை நாலு பேரிடம் சொல்கிறவன் நம் பலகையில் இடப்பக்கம்தான் நிற்பான்.

பவுலையும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு மூடிவைக்கிறோம். கெட்ட சேர்க்கை நல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் அவர் சொன்னது எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அந்த வாக்கியமே மெனாண்டர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியருடையது என்பார்கள். சினிமாவைத் திட்டும் பிரசங்கத்தில் நாடகத்து வசனம் உதவிக்கு வருவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதே கடிதத்தின் 5ஆம் அதிகாரம் மட்டும் வகுப்புக்கு வருவதேயில்லை. ஒழுக்கக்கேடரோடு சேராதீர்கள் என்று நான் சொன்னது உலகத்து மக்களைப் பற்றியல்ல, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று பவுல் அங்கே விளக்குகிறார். சகோதரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு பேராசைக்காரனாகவும் அவதூறு பேசுகிறவனாகவும் குடிவெறியனாகவும் இருப்பவனைப் பற்றித்தான் அவருடைய எச்சரிக்கை. நம்பாதவன் விருந்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு என்று 10ஆம் அதிகாரத்தில் அவரே அனுமதியும் தருகிறார். அதாவது பவுலின் சந்தேகம் உள்ளே இருப்பவன்மேல். நம் சந்தேகம் வெளியே இருப்பவன்மேல்.

இந்தத் தலைகீழ் வாசிப்பின் விளைவு சின்னதல்ல. பங்குக்குள் இருப்பவன் என்றாலே நல்லவன் என்று முத்திரை குத்திவிடுவதால், உள்ளே நடக்கும் தவறுகளுக்குக் கண் மூடிக்கொள்கிறது. பெற்றோர் பிள்ளையைத் தெருவில் விட அஞ்சுவார்கள். கோவில் சார்ந்த இடம் என்றால் நிம்மதியாக விட்டுவிடுவார்கள். உலகத் திருச்சபை கடந்த சில பத்தாண்டுகளில் பட்ட அவமானங்களுக்குப் பிறகும் இந்த நிம்மதி கலையவில்லை என்பது ஆச்சரியம்தான்.

பணத்தைப் பற்றியும் பலகை வாய் திறப்பதில்லை. தங்கவயலில் நட்புகள் முறிந்த கதைகளைக் கேட்டால் குடியைவிட ஜாமீன் கையெழுத்தும் சீட்டுப் பணமும்தான் அதிகம் வரும் என்பது என் அனுபவம். சுரங்கம் மூடியபோது கையில் வந்த பணத்தை நண்பனை நம்பிக் கொடுத்தவர்கள், நண்பனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடன்காரரிடம் மாட்டியவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சீராக் 29ஆம் அதிகாரம் பெரும்பாலும் இதைத்தான் பேசுகிறது: அண்டை வீட்டாருக்குக் கடன் கொடு, வாங்கினால் சொன்ன நாளில் திருப்பிக் கொடு, முடிந்த அளவுக்கு ஜாமீன் நில், நீயே விழுந்துவிடாமலும் பார்த்துக்கொள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஆசிரியருக்கு நட்பும் கடனும் ஒரே பாடமாகத் தெரிந்திருக்கிறது. நம் மறைக்கல்விக்கு இன்னும் தெரியவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பலகைக்கே வேலையில்லாமல் போய்விடுகிறது. யாரோடும் சேராமல் இருப்பதுதான் அவர்களுக்கு விதி. பையன்களோடு பேசினாலே கெட்ட சகவாசம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2347ஆம் எண்ணில் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது: கற்பு என்ற நற்பண்பு நட்பில்தான் மலர்கிறது, அந்த நட்பு ஒரே பாலினருக்குள் இருந்தாலும் எதிர்ப் பாலினரோடு இருந்தாலும் எல்லாருக்கும் பெரிய நன்மை என்கிறது. உரோமை அனுமதித்ததை நம் வீடுகள் தடுக்கின்றன. தடுப்பது நம்பிக்கையா, சாதிக்கு வெளியே காதல் வந்துவிடுமோ என்ற அச்சமா என்று ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

சீராக்கையே அப்படியே கொண்டாட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எச்சரிக்கையான மனிதர். சில இடங்களில் எச்சரிக்கை கடுமையாகிவிடுகிறது. கீலைத் தொட்டவன் கையில் கறை படியும் என்பார். பாவிக்கு உதவாதே என்றும் சொல்லிவிடுவார். நற்செய்தியில் நாம் காணும் இயேசுவோ வரிதண்டுவோருக்கும் பாவிகளுக்கும் நண்பன் என்று பெயரெடுத்தவர். எதிரிகள் வைத்த அந்தப் பெயரை அவர் மறுக்கவுமில்லை. காட்டிக்கொடுக்க வந்த யூதாசையும் தோழன் என்றுதான் அழைத்தார். ஞானநூலும் நற்செய்தியும் இங்கே வேறு வேறு திசையில் இழுக்கின்றன. நம் வகுப்புகள் சீராக்கின் பயத்தை எடுத்துக்கொண்டு அவருடைய விசுவாசத்தை விட்டுவிட்டன. நற்செய்தியின் துணிச்சலைத் தொடவேயில்லை.

'கெட்ட சகவாசம் வேண்டாம்' என்ற பாடத்துக்குப் படமாக வைக்கப்படும் புனித தோமினிக் சாவியோவின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 15 வயது நிறையுமுன் இறந்த இந்தப் பையனின் வரலாற்றை அவருடைய ஆசிரியர் தொன் போஸ்கோவே எழுதினார். இரண்டு மாணவர்கள் கல்லால் அடித்துக்கொள்ளச் சவால் விட்டு மைதானத்துக்குப் போகிறார்கள். தோமினிக் ஒதுங்கிப் போகவில்லை. கூடவே போய் நடுவில் நின்று, சிலுவையைத் தூக்கிக் காட்டி, முதல் கல்லை என்மேல் எறியுங்கள் என்று சொல்லிச் சண்டையை நிறுத்துகிறான். நம் பலகையின்படி அந்த இரண்டு பேரும் வலப்பக்கம். தோமினிக் வலப்பக்கத்துக்கு நடந்து போனவன்.

அப்படியானால் யாரையும் விலக்கவே கூடாதா? அதுவும் சரியில்லை. அடிக்கிற நண்பனை, ஏமாற்றுகிற நண்பனை, போதைக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறவனைச் சகித்துக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கொடுமை. இங்கே அக்குவினாஸ் உதவுகிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் சொல்வது இது: நண்பன் தவறினால், திருந்துவான் என்ற நம்பிக்கை இருக்கும்வரை நட்பின் உதவியை நிறுத்தாதே, பணத்தை இழந்தவனுக்கு உதவுவதைவிட நற்குணத்தை இழந்தவனுக்கு உதவுவது முக்கியம், தீமை முற்றி, திரும்பவே வழியில்லை என்றானால் நெருக்கத்தை விட்டுவிடலாம். விலகல் கடைசிப் படி. நம் போதனையில் அதுவே முதல் படியாகிவிட்டது. மேல் லைன் பையன் குடிக்கப் பழகினான் என்று கேள்விப்பட்ட மறுநாளே அவனோடு பேசாதே என்கிறோம். அவனுக்கு ஒரு நல்ல நண்பன் மிகவும் தேவைப்படும் நாள் அதுதான்.

1609இல் பக்தி வாழ்க்கைக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதிய புனித பிரான்சிஸ் சலேசியார் இதற்கொரு உவமை சொல்கிறார். தேகஸ் ஆற்று மணலில் தங்கம் அரிப்பவர்கள் தங்கத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். நண்பனிடமிருந்து நல்லதை எடுத்துக்கொள், அவன் குறையை உன்னோடு கொண்டுவராதே என்கிறார். அழகான அறிவுரைதான், ஆனால் கோலார்க்காரருக்குத் தங்கம் ஆற்று மணலில் அரித்தெடுப்பதல்ல. ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கிச் சயனைடில் ஊறவைத்தால் சில கிராம் கிடைக்கும். மிச்சம் இன்றும் ஊருக்கு நடுவே சயனைடு மேடாகக் குவிந்து கிடக்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. நண்பனின் குறையைக் கரையில் விட்டுவிட்டு வீடு திரும்பும் வசதி லைன் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. குறையோடு சேர்த்துத்தான் அவனைத் தாங்க வேண்டியிருந்தது.

அடையாளத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வட்டாரம் ஒரு பெரிய சான்றையே தந்திருக்கிறது. தங்கவயலுக்குப் பக்கத்தில், பங்காருப்பேட்டைத் தாலுகாவில் இருக்கும் பூதிகோட்டை 1720ஐ ஒட்டி ஹைதர் அலி பிறந்த ஊர். 1779இல் ஆங்கிலேயர்கள் அவரிடம் தூது அனுப்ப விரும்பினார்கள். ஆங்கிலேயரின் பேச்சை நம்பாத ஹைதர், ஒரு பாதிரியாரின் பேரைச் சொல்லி அவரை அனுப்பினால் பேசலாம் என்றார் என்பது வரலாற்றில் வழங்கும் செய்தி. திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்த, தமிழ் பேசிய ஸ்வார்ட்ஸ் பாதிரியார்தான் அவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார், பேசினார். ஆனாலும் 1780இல் போர் வந்துவிட்டது. போருக்கு நடுவிலும் இந்தப் பாதிரியாரைத் தொந்தரவு செய்யாமல் போகவிடுங்கள் என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவிட்டார். ஸ்வார்ட்ஸ் கத்தோலிக்கர் அல்லர், லூத்தரன்; ஹைதர் முஸ்லிம்; இருவரும் எதிரெதிர் முகாம். எந்தப் பங்கு வகுப்பின் கணக்கிலும் இவர்கள் சேர முடியாது. சீராக்கின் கணக்கில் சேர்கிறார்கள்: பேச்சு மாறாதவன் யார் என்று சோதித்துப் பார்த்து நம்பிய கதை இது.

திருச்சபைக்குள்ளேயே மாற்று வழி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பெல்ஜியத்தில் தொழிலாளி வீட்டில் பிறந்த ஜோசப் கார்டைன் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, கூடப் படித்து ஆலை வேலைக்குப் போன நண்பர்கள் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள். நல்ல இடத்துக்குப் போன பையனிடமிருந்து மற்றவர்கள் விலகிவிட்டார்கள். 'கெட்டவர்களிடமிருந்து தப்பித்தோம்' என்று அவர் மகிழவில்லை. அந்தப் பிரிவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1925இல் அவர் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது. பார், ஆராய், செயல்படு என்ற அதன் முறை மாணவர் இயக்கத்தின் வழியே இந்தியப் பங்குகளுக்கும் வந்தது. தொழிலாளிக்குத் தொழிலாளியே நண்பன், தூதன் என்பது அதன் அடிப்படை. இங்கே நட்பு ஒரு வேலியாக இல்லை. குறையும் உண்டு, பல பங்குகளில் அது ஆண்டுவிழா, போட்டி, சான்றிதழ் என்று சுருங்கிவிட்டது. ஆனால் எலும்பு சரியாக இருக்கிறது.

இன்றைய தங்கவயல் இளைஞர்களின் லைன், ரயில்தான். விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் நட்பு அந்தப் பெட்டிகளில்தான் வளர்கிறது. பக்கத்து சீட்டை மேஸ்திரியும் ஒதுக்கவில்லை, பங்கும் ஒதுக்கவில்லை. யாரோடு உட்காராதே என்ற பட்டியல் அங்கே உதவாது. உட்கார்ந்தவனை எப்படிப் புரிந்துகொள்வது, அவன் வேலை போன மாதத்தில் என்ன செய்வது, அவன் கடன் கேட்டால் எவ்வளவு வரை கொடுப்பது, அவன் சொன்ன இரகசியத்தை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் அவர்களுக்குப் பாடம் வேண்டும்.

ஆகவே பெங்களூரு உயர்மறைமாவட்டத்தின் மறைக்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சீராக்கின் 6ஆம் அதிகாரத்தை நடத்தும்போது 22ஐயும் 29ஐயும் சேர்த்தே நடத்துங்கள். முதல் கொரிந்தியர் 15ஐச் சொல்லும் நாளில் 5ஐயும் வாசியுங்கள். நீ எப்படிப்பட்ட நண்பன் என்ற கேள்வியைப் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தைய ஆய்வில் சேருங்கள். குடிக்கிற அப்பாவின் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பலகையில் எழுதுங்கள்.